காண்டாமிருகத்துக்குத் தீனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரை வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். நடுத்தரமான ஊர் ஒன்று, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஒரு கால்பந்து அணியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். சரியான ஊர்க்காரனைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் ராச்செஸ்டரில் கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 14,000 பேர் உட்காரலாம். யாருக்காகக் கட்டினார்களோ அந்த அணிதான் இல்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலம் என்றதும் இங்கே வரும் உறவினர்கள் சுதந்திர தேவி சிலை பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க ஐந்தரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். நாங்கள் இருப்பது ஒன்டாரியோ ஏரியின் தென்கரை. ஏரிக்கு அந்தப் பக்கம் டொரான்டோ. 1950-இல் ராச்செஸ்டரில் 3,32,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 2,11,000. தஞ்சாவூரைவிடச் சற்றே சிறியது. சுற்றுவட்டாரப் புறநகர்களையும் சேர்த்தால் பதினோரு லட்சத்தை நெருங்கும். கோடாக், ஜெராக்ஸ், பாஷ் அண்ட் லாம்ப் மூன்றும் இங்கே பிறந்தவை. 1982-இல் கோடாக்கில் மட்டும் இந்த ஊர்க்காரர்கள் 60,000-க்கும் மேல் வேலை பார்த்தார்கள். 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அணியின் கதை முழுக்க இந்த இறங்குமுகத்தோடு பின்னிக் கிடக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

அமெரிக்காவில் கால்பந்து நேற்று வந்த ஆட்டம் என்று நம்புகிறவர்கள் ராச்செஸ்டர் லான்சர்ஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து அவர்களோடு வந்தது. 1970-இல் வட அமெரிக்க சாக்கர் லீக்கில் ஆறே அணிகள்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த லீக்கில் புதிதாகச் சேர்ந்த லான்சர்ஸ் அதே ஆண்டு சாம்பியன் ஆனது. மறு ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி டல்லஸ் டொர்னேடோவுடன் ஓர் ஆட்டம். 90 நிமிடம் முடிந்தது, சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சமம். இன்னும் கொடுத்தார்கள். 176-ஆவது நிமிடத்தில் கார்லோஸ் மெடிடியெரி கோல் போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஏறக்குறைய இரண்டு முழு ஆட்டம்! கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் தாத்தாக்கள் இந்த ஊர் முடிதிருத்தகங்களில் இன்னும் கிடைப்பார்கள். சொல்பவர்கள் எல்லாரும் உண்மையிலேயே வந்திருந்தால் அந்தப் பழைய மைதானம் கொண்டிருக்காது.

1975-இல் நியூயார்க் காஸ்மாஸ் பெலேவைக் கூட்டிவந்தது. லீக் முழுவதும் சம்பளம் ஏறியது. பெரிய நகர அணிகள் ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆட்களை இறக்கின. லான்சர்ஸ் 1980 வரை தாக்குப்பிடித்துவிட்டு மூடியது. காஸ்மாஸைப் பார்த்து எல்லாரும் செலவழித்த அந்த லீக்கும் 1984-க்குப் பிறகு இல்லை. லான்சர்ஸ் ஆடிய மைதானத்தை இடித்துவிட்டார்கள். இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே ஊரில் மறுபடியும் ஒருமுறை நடக்கிறது.

1996-இல் ரைனோஸ் வந்தது. முழுப்பெயர் ரேஜிங் ரைனோஸ், அதாவது வெறிபிடித்த காண்டாமிருகங்கள். ஏரியோர ஊருக்கும் காண்டாமிருகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நகர மையத்தில் பேஸ்பாலுக்காக ஃபிரான்டியர் ஃபீல்ட் திறந்திருந்தார்கள். ரைனோஸ் அங்கே வாடகைக்குக் குடியேறியது. பேஸ்பால் களத்தின் மண்பகுதிமீது புல்லை விரித்து ஆட்டம். பந்து ஒரு பக்கம் துள்ளும், மறுபக்கம் சறுக்கும். பின்னால் கோடாக் கோபுரம். நான் வேலைக்காக இங்கே வந்த புதிதில், அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டில் போய்ப் பார்த்தேன். கைக்குழந்தையோடு வந்த குடும்பம், பள்ளிக்கூட அணிச் சீருடையில் வரிசையாகச் சிறுவர்கள், இத்தாலிய மொழியில் நடுவரைத் திட்டும் பெரியவர். பத்தாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். இது ஒருநாள் கூத்து இல்லை. பருவம் முழுக்கச் சராசரியே 10,000-க்கு மேல். நாட்டின் முதல்தர லீக்கான மேஜர் லீக் சாக்கரில் ஆடிய கான்சாஸ் சிட்டி அணிக்கு 1999-இல் இந்தச் சராசரி கிடைக்கவில்லை. ரைனோஸ் ஆடியதோ இரண்டாம்தர லீக்.

அதே 1999-இல்தான் அந்த அதிசயம். யு.எஸ். ஓபன் கப் என்பது எல்லா மட்டத்து அணிகளும் மோதும் நூறாண்டு பழைய போட்டி. அதில் ரைனோஸ் சிகாகோ ஃபயரை வென்றது. முந்தைய ஆண்டு லீக்கையும் இதே கோப்பையையும் சேர்த்து வாங்கிய அணி அது. அடுத்து டல்லஸ் பர்ன், அதற்கடுத்து கொலம்பஸ் க்ரூ. இறுதியாட்டத்தில் கொலராடோ ரேப்பிட்ஸை 2-0 என்று முடித்தது. நான்கும் மேஜர் லீக் அணிகள். மேஜர் லீக் தொடங்கிய 1996-க்குப் பிறகு, அதற்கு வெளியே இருந்து வந்து அந்தக் கோப்பையைத் தூக்கிய ஒரே அணி இன்றுவரை ரைனோஸ்தான். தங்கள் லீக்கிலும் 1998, 2000, 2001 என்று மூன்று முறை சாம்பியன்.

இப்படிப்பட்ட அணி எப்படிப் போகும்?

ஒரு சின்ன லீக் அணியின் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். தொலைக்காட்சிப் பணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வராது. டிக்கெட்டில் வருவது சம்பளத்துக்கும் பயணத்துக்கும் போய்விடும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வான்கூவர்வரை எதிரணிகள் சிதறிக் கிடந்த லீக் அது. விமானச் செலவே முதுகை ஒடிக்கும். மிஞ்சுவது என்றால் ரசிகர் குடிக்கும் பீரிலும், தின்னும் ஹாட் டாகிலும், கார் நிறுத்தும் கட்டணத்திலும், விளம்பரப் பலகையிலும்தான் மிஞ்ச வேண்டும். வாடகைக்கு ஆடும் அணிக்கு இந்தப் பக்க வருமானத்தில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குப் போகும். ஆகவே சொந்த அரங்கம் வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டது அதற்காக மட்டும் இல்லை. மேஜர் லீக்கில் இடம் பிடிக்க வேண்டும், அதற்குத் தகுந்த வீடு வேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. ஊரே அந்த ஆசையில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் ‘அடுத்த ஆண்டு மேஜர் லீக்’ என்ற பேச்சு ஆண்டுதோறும் நடக்கும்.

மாநில அரசின் பணமும் கடனுமாகச் சேர்ந்து 2006 ஜூனில் ஓக் தெருவில் பேடெக் பார்க் அரங்கம் திறந்தது. முழுதாகக் கட்டி முடிக்காமலே திறந்தார்கள். மறு ஆண்டே மேஜர் லீக்கின் புது அணி களமிறங்கியது. ஏரிக்கு அந்தப் பக்கம், டொரான்டோவில்! நுழைவுக் கட்டணம் ஒரு கோடி டாலர். அன்றைக்கு அதைக் கேட்டு எங்கள் ஊர் வாயைப் பிளந்தது. 2023-இல் சான் டியேகோ கட்டச் சம்மதித்த கட்டணம் 50 கோடி.

டொரான்டோ என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே காலத்தில் எங்கள் ஊருக்கு இன்னொரு பெருங்கனவும் இருந்தது. 2004-இல் ராச்செஸ்டருக்கும் டொரான்டோவுக்கும் இடையே அதிவேகக் கப்பல் விட்டார்கள். ஏரியைச் சுற்றிக் காரில் மூன்று மணி நேரம் போவதற்குப் பதில், காரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு இரண்டே கால் மணி நேரத்தில் அக்கரை சேரலாம். இங்குள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஸ்கார்பரோ ஈழத்தமிழர் கடைகளில் இடியாப்பமும் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு அன்றே திரும்பலாம் என்று கணக்குப் போட்டோம். மூன்று மாதத்தில் கப்பல் கம்பெனி கையை விரித்தது. நகராட்சியே ஏலத்தில் கப்பலை வாங்கி ஓட்டிப் பார்த்தது. பத்து மாதத்தில் சுமார் ஒரு கோடி டாலர் நஷ்டம். 2006 ஜனவரியில் சங்கு ஊதினார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கப்பல் முடிந்த ஐந்தாவது மாதம் அரங்கம் திறந்தது.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள் நம் ஊரில். ராச்செஸ்டர் தன் காண்டாமிருகத்துக்குப் பத்தாண்டு நன்றாகவே தீனி போட்டது. அதற்குக் கட்டிய கொட்டிலின் கடனைத்தான் கட்ட முடியவில்லை. திறந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள், 2008 தொடக்கத்தில், பழைய உரிமையாளர்கள் அணியை இழந்தார்கள். அதன்பின் கைமாறிக்கொண்டே இருந்தது. நடுவில் லீக்கே எடுத்து நடத்திய காலமும் உண்டு. அரங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே நிலவரம் புரியும். முதலில் தொலைத்தொடர்பு நிறுவனம், பிறகு கார் விற்பவர், பிறகு ஹாட் டாக் கம்பெனி, பிறகு விளையாட்டு உடைக் கம்பெனி. கூட்டமும் சில ஆயிரங்களுக்கு இறங்கியது. மேஜர் லீக் வரப்போகிறது என்று சொல்லியே டிக்கெட் விற்ற ஊரில், அது வராது என்று தெரிந்தபின் இரண்டாம்தர ஆட்டம் இரண்டாம்தரமாகவே தெரியத் தொடங்கிவிட்டது. அதே ஆட்டம்தான், அதே புல்தான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பத்தாயிரம் பேர் சந்தோஷமாக வந்துகொண்டிருந்ததை ‘இது வெறும் படிக்கட்டு’ என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்?

2015-இல் பாப் லில்லி என்ற பயிற்சியாளர் ஓர் அருமையான அணியைக் கட்டினார். பருவம் முழுக்க ஒரேயொரு தோல்விதான். சொந்த அரங்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸியின் இரண்டாம் அணியைக் கூடுதல் நேரத்தில் வென்று சாம்பியன். இரண்டே ஆண்டில், 2017 பருவத்தோடு, அணி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

ஊருக்குக் கால்பந்தில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் பெண்கள் அணியைக் காட்டுவேன். அமெரிக்கப் பெண்கள் அணியின் ஏபி வாம்பாக் பிறந்து வளர்ந்தது ராச்செஸ்டரில். 2011 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக 122-ஆவது நிமிடத்தில் அவர் தலையால் முட்டிப் போட்ட கோலை நீங்கள் பார்த்திருக்கலாம். உலகக் கோப்பை முடிந்த சில நாட்களில் அவருடைய கிளப் அணி இங்கே ஆட வந்தது. 15,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்; அரங்கில் உள்ள இருக்கைகளைவிட அதிகமான தலைகள். அன்றைக்கு உள்ளூர் அணியான வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷில் ஆடியவர் யார் தெரியுமா? பிரேசிலின் மார்ட்டா. அந்த ஆண்டு ஃப்ளாஷ் சாம்பியன். 2016-இல் புதிய தேசியப் பெண்கள் லீக்கிலும் சாம்பியன். கோப்பை வாங்கிய ஈரம் காய்வதற்குள், 2017 ஜனவரியில், அணியை விற்று வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அமெரிக்காவில் இது சாதாரணம். அணி ஊருடையது இல்லை, உரிமைப் பத்திரம் வைத்திருப்பவருடையது.

இதே ஊரில் நிலைத்து நிற்கும் அணிகளும் இருக்கின்றன. ரெட் விங்ஸ் பேஸ்பால் அணி நூறாண்டைத் தொடும் பெயர். 1957 வாக்கில் அதை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கைகழுவ முடிவுசெய்தது. மாரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி வீடு வீடாகப் பங்கு விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று பத்து டாலர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அந்தப் பங்குதாரர்களின் அணியாக இன்றுவரை நிற்கிறது. பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வரவேற்பறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உடனே ‘அப்படியானால் ஊர்ச் சொத்தாக இருந்தால் போதும்’ என்று முடித்துவிடாதீர்கள். ரெட் விங்ஸ் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ராச்செஸ்டர் இல்லை. மேலே இருக்கிற பெரிய லீக் அணி. முன்பு மினசோட்டா ட்வின்ஸ், 2021 முதல் வாஷிங்டன் நேஷனல்ஸ். தங்கள் இளைஞர்களை இங்கே பழக்கிக்கொள்கிறார்கள், சம்பளத்தை அவர்களே போடுகிறார்கள். 1956 முதல் இங்கே ஆடும் அமெர்க்ஸ் ஹாக்கி அணியும் பஃபலோ சேபர்ஸின் பயிற்சிக் கூடாரம்தான். ஆக, எங்கள் ஊரில் பிழைத்த இரண்டு அணிகளுக்கும் பெரிய செலவை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். ரைனோஸ் கோல்காப்பாளர் முதல் துணி துவைப்பவர்வரை எல்லாச் சம்பளத்தையும் தானே கொடுத்தது.

கிரீன் பே பேக்கர்ஸை உதாரணம் காட்டுபவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், பங்குதாரர்களின் அணி, அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீக். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த லீக் தேசிய வருமானத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறது. அண்மை ஆண்டுகளில் கிரீன் பேயின் பங்கு 40 கோடி டாலருக்கு மேல். அதைத் தாங்குவது விஸ்கான்சின் விவசாயிகள் இல்லை, நாடு முழுக்கத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள். இங்கிலாந்தில் பர்ன்லி கதையும் அப்படியே. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர், 2009-இல் ஆடி ஜெயித்துப் பிரீமியர் லீக் ஏறியது. ஏறியதும் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. அங்கே ஏணி உண்டு. இங்கே எவ்வளவு ஜெயித்தாலும் மேலே போக முடியாது; காசோலை எழுதினால்தான் கதவு திறக்கும். 2005-இல் மேஜர் லீக்கில் சேர்ந்த சால்ட் லேக் சிட்டியின் மக்கள்தொகை ராச்செஸ்டரைவிடக் குறைவு. அவர்களுக்குக் காசோலை எழுத ஆள் இருந்தார்.

ஆகவே மதுரை வாசகருக்கு என் பதில்: முடியும். கென்டக்கியில் லூயிவில் என்ற ஊரைப் பாருங்கள். சுற்றுவட்டாரம் சேர்த்து எங்களைவிடச் சற்றுப் பெரியது. 2015-இல் அணி ஆடத் தொடங்கியது, பேஸ்பால் மைதானத்தில், எங்களைப் போலவே வாடகைக்கு. 2017, 2018 இரண்டிலும் சாம்பியன். பிறகுதான், 2020-இல், தங்கள் கூட்டத்துக்கு அளவெடுத்துச் சுமார் 11,700 இருக்கையில் சொந்த அரங்கம். உள்ளூர்ப் பணக்காரர்கள் சேர்ந்து முதல் போட்டிருக்கிறார்கள். ஆண்களின் பெரிய லீக் அணி எதுவும் அந்த ஊரில் இல்லை என்பதால் மாலை நேரத்துக்குப் போட்டியும் குறைவு. இரண்டாம்தரத்தில் ஆடுவதைப் பற்றி அங்கே யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் என்ன செய்தது? 2021-இல் லெஸ்டர் சிட்டியின் ஜேமி வார்டி ரைனோஸில் சிறு பங்கு வாங்கினார். அரைத்தொழில்முறை ஆட்டத்திலிருந்து இங்கிலாந்து சாம்பியன்வரை ஏறியவர் என்பதால் பத்திரிகைகள் குதித்தன. காண்டாமிருகத்தை எடுத்துவிட்டு ராச்செஸ்டர் நியூயார்க் எஃப்.சி. என்று பெயர் மாற்றினார்கள். 2022-இல் மேஜர் லீக்கின் இளையோர் அணிகள் ஆடும் லீக்கில் சேர்ந்தார்கள். மற்ற எல்லா அணிக்கும் பின்னால் ஒரு தாய் அணி. இது மட்டும் தனி. அதுவும் தன் பழைய அரங்கத்தில் ஆடவில்லை, ஒரு சமுதாயக் கல்லூரி மைதானத்தில் ஆடியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஃப்ளவர் சிட்டி யூனியன் என்ற இன்னொரு தொழில்முறை அணியும் இங்கே முளைத்தது. ஒன்றுக்கே கூட்டம் தேட வேண்டிய ஊரில் இரண்டு. 2023 மார்ச்சில் வார்டியின் அணி கடையை மூடியது. மற்றதும் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போது புதுப் பேச்சு ஒன்று கிளம்பியிருக்கிறது. லூயிவில் ஆடும் யு.எஸ்.எல். அமைப்பின் உரிமையாளர்கள், இங்கிலாந்து பாணியில் ஏற்ற இறக்க முறையைக் கொண்டுவருவதென்று 2025 மார்ச்சில் வாக்களித்திருக்கிறார்கள். ‘ஏணி வந்துவிட்டது, நாமும் ஓர் அணி தொடங்கலாம்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள் எங்கள் ஊர் ஆர்வலர்கள். ஏணி நல்லதுதான். ஆனால் ஏறும் எண்ணத்தில் கடன் வாங்கிய ஊர் இது. இந்தத் தடவை ஆரம்பிப்பவர்களிடம் நான் கேட்கப்போவது மூன்றே கேள்விதான். பீர் விற்ற காசு யாருக்கு? ஐயாயிரம் பேர் மட்டும் வந்தால் சம்பளம் கொடுக்க முடியுமா? ரெட் விங்ஸ் போலப் பத்து டாலர் பங்கு விற்பீர்களா, இல்லை உரிமைப் பத்திரம் ஒருவர் பெட்டியில் இருக்குமா?

பதில் திருப்தியாக இருந்தால் ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறேன், டிக்கெட்டும் வாங்குகிறேன். ஆனால் ஏப்ரலில் ஆட்டம் வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே ஏப்ரலிலும் பனி கொட்டும்; ஐயாயிரம் என்று போட்ட கணக்கு ஐந்நூறாகிவிடும்.

அன்புடன்,
ராச்செஸ்டரிலிருந்து உங்கள் மடலாளன்